“14 வருஷமாச்சு, இன்னும் ஏன் படியில் ஓடுகிறேன்?”

கடிதத்தின் சுருக்கம்:

பினாங்கு ஜெலுத்தோங்கில் அம்மாவின் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு தங்கியிருக்கும் 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். திருமணமாகி 2009இல் கணவருடன் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குப் போனவர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நகரின் கிழக்குப் பக்கம், ஏவன் ஆற்றுக்கு அருகில் மரத்தளம் போட்ட ஒரு வீடு வாங்கினார்கள். 2010 செப்டம்பர் 4 விடியற்காலையில் முதல் நிலநடுக்கம். 2011 பிப்ரவரி 22 மதியம் அதைவிடக் கொடியது. வீடு விழவில்லை. ஆனால் தோட்டத்தில் முழங்கால் வரை சாம்பல்நிறச் சேறு பொங்கியது. மாதக்கணக்கில் ரசாயனக் கழிவறைதான்.

2014இல் அடித்தளத்தைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். 2019இல் கதவுகள் மீண்டும் மூட மறுத்தன. சமையலறையில் வைத்த கோலிக்குண்டு தானாக உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது. திரும்பவும் கோரிக்கை, திரும்பவும் ஆய்வாளர்கள், திரும்பவும் காத்திருப்பு. இப்போது காப்புறுதி நிறுவனம் ஒரு தொகையைக் கொடுத்துக் கோப்பை மூட முன்வந்திருக்கிறது. 60 நாள்களில் பதில் சொல்ல வேண்டும்.

வாசகி சென்ற டிசம்பரில் பிள்ளைகளோடு பினாங்கு வந்துவிட்டார். கணவர் அங்கேயே இருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் சுமத்ராவில் நிலம் நடுங்கி, இவர்கள் இருக்கும் 17வது மாடி லேசாக ஆடியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு செருப்புகூட இல்லாமல் அத்தனை மாடியும் படியில் ஓடி இறங்கியிருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்ததாக எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து தூக்கமில்லை. நள்ளிரவில் எழுந்து, நிலநடுக்கங்களை அறிவிக்கும் நியூசிலாந்தின் ஜியோநெட் செயலியைப் பார்க்கிறார். 12 வயது மகன் தனியாகப் படுக்க மறுக்கிறான். “அவன் 2013இல் பிறந்தவன், நிலநடுக்கத்தையே பார்க்காதவன், அவனுக்கு ஏன் பயம்?” என்பது அவர் கேள்வி. வீட்டில் தோஷம் என்கிறார் அம்மா. 14 வருஷமாச்சு, தலைமுழுகிவிட்டு வரச் சொல் என்கிறார் மாமா. கையெழுத்துப் போட்டுப் பழுதோடு விற்றுவிடலாம் என்கிறார் கணவர். “எனக்குப் புத்தி பிசகிவிட்டதா, நான் என்ன செய்ய?” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குப் புத்தி பிசகவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டு, ஏன் என்பதையும் சொல்கிறேன். வெறும் ஆறுதல் உங்களுக்குப் போதாது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

பெரிய அதிர்வு ஒன்று வந்து ஓய்ந்திருந்தால் உங்கள் உடம்பு அதை எப்போதோ மறந்திருக்கலாம். கிறைஸ்ட்சர்ச்சில் அப்படி ஓயவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும் பதிவான பின்னதிர்வுகள் 10,000க்கு மேல். 185 பேரைப் பலிகொண்ட பிப்ரவரி 22க்குப் பிறகு, அதே ஆண்டு ஜூன் 13இலும் டிசம்பர் 23இலும் பெரிதாகக் குலுங்கியது. “முடிந்தது” என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அந்த நினைப்புப் பொய்யானது. அங்கே பாத்திரம் கிணுகிணுத்தாலே எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டது உங்கள் உடம்பு. அது தவறான பாடமில்லை, அந்த ஊருக்குச் சரியான பாடம். அதே பாடத்தை அது ஜெலுத்தோங்கிலும் ஒப்பிக்கிறது. சிரித்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

“14 வருஷமாச்சு” என்று உங்கள் மாமா சொல்வதையும் கொஞ்சம் பார்ப்போம். நாள்காட்டியில் 14 ஆண்டுதான். ஆனால் நகரின் நடுப்பகுதியைச் சுற்றிப் போட்ட வேலியை முழுதாக எடுத்ததே 2013 ஜூன் கடைசியில். நகர மண்டபம் மீண்டும் திறந்தது 2019இல். பேராலயத்தை மீட்டுக் கட்டுவது என்று 2017இல் முடிவானது. பணம் போதாமல் 2024இல் வேலை நின்றது. கோபுரம் இழந்த அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நீங்கள் வேலைக்குப் போய் வந்திருக்கிறீர்கள். உங்கள் சொந்த வீட்டுக் கோப்போ இன்றுவரை திறந்தே கிடக்கிறது. ஆக, உங்களைப் பொறுத்தவரை அது நடந்து முடிந்த சம்பவம் இல்லை, நடந்துகொண்டிருப்பது. இப்படிப்பட்ட ஊர்களில் மனிதர்களை அரிப்பது பெரும்பாலும் அந்த நிமிட அதிர்ச்சி அல்ல. பதில் வராத கடிதமும், மாறிக்கொண்டே இருக்கும் அதிகாரியும், “அடுத்த மாதம் தெரியும்” என்ற வார்த்தையும்தான் அரிக்கின்றன. உங்கள் கடிதத்திலும் நிலம் குலுங்கியதைப் பற்றி நான்கு வரி. காத்திருந்ததைப் பற்றி இரண்டு பக்கம்.

17வது மாடி ஆடும்போது

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. ஆடிக்கொண்டிருக்கும்போது படியில் ஓடுவது பாதுகாப்பு அல்ல. படிக்கட்டில் விழுந்து அடிபடுவதும், வெளியே வரும்போது மேலிருந்து கண்ணாடியோ ஓடோ விழுவதும்தான் பெரிய ஆபத்து. 2011இல் கிறைஸ்ட்சர்ச்சில் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் மட்டும் இறக்கவில்லை. செங்கல் முகப்புகள் சரிந்து தெருவில் போனவர்களும் பேருந்தில் இருந்தவர்களும் இறந்தார்கள். நீங்கள் அங்கே பயிற்சியில் கற்றதுதான் இங்கேயும்: கீழே குனிந்து, மேசைக்கு அடியில் தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்வது. ஜன்னலை விட்டும் அலமாரியை விட்டும் விலகியிருங்கள். ஆட்டம் நின்றபின் செருப்பைப் போட்டுக்கொண்டு, லிஃப்டைத் தொடாமல், நடந்து இறங்கலாம்.

இரண்டு ஆட்டமும் ஒன்றல்ல என்பதையும் உங்கள் உடம்புக்குச் சொல்லித்தர வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் பிளவு நகரத்தின் காலடியிலேயே இருந்தது. அதனால் வெடிச்சத்தம் போல வந்து, தாழ்ந்த வீடுகளையும் உதறியது. சுமத்ராவில் நடுங்கினால் வேகமான அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான நீண்ட அலைகள் மட்டும் கடலைத் தாண்டி வரும். அவை தரைவீடுகளை அசைப்பதில்லை. உயரமான கட்டடத்தை ஊஞ்சல்போல் மெல்ல ஆட்டும். அதனால்தான் 17வது மாடியில் விளக்கு ஆடியபோது கீழே கடை வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டடம் மெல்ல வளைந்து கொடுப்பது அதற்கு இயல்பானது. ஆடியபின் தூணிலோ உத்தரத்திலோ புதுப் பிளவு தெரிந்தால் மேனேஜ்மெண்ட் ஆபீஸில் எழுத்தில் சொல்லுங்கள். சுவர்ப் பூச்சில் தலைமுடி அளவு கீறல் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்து, பயத்தைக் குறைக்கும் வேலை. ஓடியவுடன் நெஞ்சு லேசானதல்லவா? அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் உங்களை ஓட வைக்கும். “ஓடினேன், அதனால் பிழைத்தேன்” என்று மூளை கணக்கு எழுதிவிடுகிறது. அந்தக் கணக்கை மாற்ற, பயம் தரும் இடத்தில் பயம் தணியும்வரை இருந்து பார்க்க வேண்டும். சின்னதில் தொடங்குங்கள். பயத்துக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். முதல் வாரம், வரவேற்பறையில் கதவுக்கு முதுகைக் காட்டி, கைப்பேசி இல்லாமல் 20 நிமிடம் உட்காருங்கள். மதிப்பெண் பாதியாகக் குறையும் முன் எழுந்துவிடாதீர்கள். வாரத்தில் நான்கு நாளாவது செய்தால்தான் பலன். அடுத்த வாரம் லிஃப்டில் தனியாக ஏறி இறங்குங்கள். பிறகு பட்டர்வொர்த் ஃபெரியில் ஒரு சுற்று: காலடி அசைந்தாலும் ஆபத்தில்லை என்பதைப் பழக அதைவிட நல்ல இடம் பினாங்கில் இல்லை. கடைசிப் படி பினாங்குப் பாலம். நெரிசலில் கார் நிற்கும்போது பக்கத்தில் லாரி போனால் இருக்கை அதிரும். அது 7 அல்லது 8 போடும் இடமாக இருக்கும். அங்கே வேறொருவர் ஓட்ட, நீங்கள் பயணியாக இருங்கள்.

ஜியோநெட் செயலியை நீக்கச் சொல்லமாட்டேன். கணவர் அங்கே இருக்கும்போது நீங்கள் நீக்கமாட்டீர்கள். ஆனால் எச்சரிக்கை ஒலியைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மட்டும் வரும்படி மாற்றுங்கள். சின்ன அதிர்வுகள் அங்கே நாள்தோறும் வருவதுதான், அவை செய்தி அல்ல. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பாருங்கள். இரவில் கைப்பேசி சமையலறையில் இருக்கட்டும்.

ஓடியது ஒரு நாள். அதனால் மட்டும் அது நோயாகிவிடாது. ஆனால் கெட்ட கனவு, அன்றைய காட்சி தானாகக் கண்முன் வருவது, மாடிகளைத் தவிர்ப்பது, எந்நேரமும் பதற்றம் இவையெல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால் சிகிச்சை எடுப்பதுதான் சரி. உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. அதனால் இப்போதே நேரம் குறித்து வையுங்கள். அதிர்ச்சியை மையமாக வைத்த நடத்தை சார்ந்த சிகிச்சையும், கண் அசைவு முறையான இ.எம்.டி.ஆரும் நல்ல பலன் தருபவை. பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் ஆகும். அரசு சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் டாக்டரைப் பார்த்து, பினாங்குப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். தனியாரிடம் போனால், அவர் கவுன்சலர் வாரியத்தில் பதிவு பெற்றவரா, அதிர்ச்சி சிகிச்சையில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை அல்ல. தூக்க மாத்திரை கொடுத்தால் சில இரவுகளுக்கு மட்டும் போதும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் அது பயத்தைத் தீர்க்காமல் மூடிவைக்கும்.

மகனின் இரவுகள்

“நிலநடுக்கத்தைப் பார்க்காதவன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2016 பிப்ரவரி 14 பிற்பகலில் கிறைஸ்ட்சர்ச்சைக் குலுக்கிய 5.7 அளவு நடுக்கத்தின்போது அவனுக்கு இரண்டு வயதுக்கு மேல். அதே ஆண்டு நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டே நிமிடத்தில் கைக்கோராவில் 7.8. அது கிறைஸ்ட்சர்ச்சில் தூங்கியவர்களையும் எழுப்பியது. அவனுக்கு அப்போது மூன்று வயது. இருட்டில், படுக்கையில், அம்மா அலறி வாரிக்கொண்டு ஓடியது அவன் நினைவில் கதையாக இல்லாமல் இருக்கலாம். உடம்பில் இருக்கும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், பதில் உங்களுக்குத்தான் தெரியும். 2019 மார்ச் 15, பள்ளிவாசல்களில் துப்பாக்கிச் சூடு நடந்த நாள், நகரத்துப் பள்ளிகள் எல்லாம் மணிக்கணக்கில் பூட்டப்பட்டிருந்தன. அவன் அப்போது தொடக்கப் பள்ளியில் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. அன்று அவன் எங்கே இருந்தான், எப்போது அவனைக் கையில் பிடித்தீர்கள்? தனியாகப் படுக்க மறுக்கும் பிள்ளையின் பயம் சில நேரம் நிலத்தைப் பற்றியது அல்ல. “அம்மா வர முடியாமல் போய்விட்டால்?” என்பதைப் பற்றியது. இப்போது அப்பா வேறு அருகில் இல்லை. மலாய் சரளமாக வராத வகுப்பில் ஆறாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறான். எல்லாவற்றையும் நிலநடுக்கத்தின் தலையில் கட்டிவிட்டால் இவற்றைத் தவறவிடுவோம்.

அவனிடம் “ஒன்றும் ஆகாது” என்று சொல்லாதீர்கள். சொல்பவரே படியில் ஓடியதை அவன் பார்த்துவிட்டான். “அன்று அம்மா பயந்து ஓடிவிட்டேன். ஓடியிருக்கக் கூடாது. அடுத்த முறை மேசைக்கு அடியில் போவோம்” என்று சொல்லுங்கள். தப்பை ஒத்துக்கொள்ளும் தாயின் பேச்சில் பிள்ளைக்கு நம்பிக்கை கூடும். எந்த மேசை என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, மூவரும் ஒருமுறை செய்து பாருங்கள். பிறகு ஒரே ஒரு பையைத் தயார் செய்யும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்: கைவிளக்கு, விசில், தண்ணீர், தொலைபேசி எண்கள் எழுதிய தாள். கட்டிலுக்கடியில் மூவருக்கும் செருப்பு. பை கட்டியபின் மாதம் ஒருமுறை மட்டும் திறந்து பார்க்கலாம். இரவுதோறும் சரிபார்க்க ஆரம்பித்தால் அந்தப் பையே பயத்தின் சடங்காகிவிடும்.

படுக்கைக்கு: முதல் நான்கு இரவு உங்கள் மெத்தை அவன் கட்டிலை ஒட்டி. அடுத்த நான்கு இரவு அறையின் நடுவில். பிறகு வாசலருகே. பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் அறையில். இடையில் ஒரு நாள் அழுதால் ஒரு படி பின்னால் போகலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். வகுப்பாசிரியரிடமும் இரண்டு வரி சொல்லி வையுங்கள். மேசையை இழுக்கும் சத்தத்துக்கு அவன் திடுக்கிட்டால் வகுப்பில் யாரும் சிரிக்கக் கூடாது.

தோஷமா?

உங்கள் அம்மாவுக்குக் கோபம் வராமல் இதைச் சொல்ல வேண்டும். அவர் மனம் அமைதியடைய ஒரு பூஜை வேண்டுமென்றால் செய்யட்டும், அதில் தடையில்லை. ஆனால் அந்த வீட்டைச் சாய்த்தது தோஷமல்ல. ஆற்றோரத்து மெல்லிய மணலும் வண்டலும், அடியில் கைக்கெட்டும் தூரத்தில் நீரும் இருந்தால், குலுங்கும்போது மணல்துகள்கள் பிடிப்பை இழந்து நிலம் கூழாகிவிடும். அந்தக் கூழ்தான் உங்கள் தோட்டத்தில் பொங்கியது. அதே காரணத்தால் கிழக்குப் பகுதிகளில் சுமார் 8,000 வீட்டு மனைகளைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்து அரசே வாங்கிக்கொண்டது. உங்கள் வீடு அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே நின்றுவிட்டது. எல்லைக்குள் இருந்தவர்கள் ஊரையே இழந்தார்கள், ஆனால் முடிவு கிடைத்தது. வெளியே இருந்த உங்களுக்கு வீடு கிடைத்தது, முடிவு கிடைக்கவில்லை. நீங்கள் ராசியில்லாதவர் என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், அம்மாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு முன்

சட்ட முடிவை நியூசிலாந்து வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். ஆனால் அவரிடம் போகும் முன் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பணத்தைப் பற்றிய குழப்பம்தான் உங்கள் தூக்கத்தில் பாதியைத் தின்கிறது.

கோலிக்குண்டு உருண்டது சாட்சி ஆகாது. மிகச் சின்னச் சரிவிலும் அது உருளும். தேவை, தளமட்ட அளவீடு. வீடு முழுவதும் பல புள்ளிகளில் உயரம் அளந்து வரைபடமாகத் தருவார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே வெளியான அரசு வழிகாட்டியில், இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 200க்கு 1 என்ற சரிவையும், தளம் முழுவதிலும் 50 மில்லிமீட்டர் உயர வேறுபாட்டையும் தாண்டினால் மட்டம் சரிசெய்வதைப் பார்க்கச் சொல்கிறது. நான்கு மீட்டர் அறையில் 200க்கு 1 என்பது 20 மில்லிமீட்டர், ஒரு விரல் தடிமன். ஆனால் அந்த வழிகாட்டிதான் உங்கள் காப்புறுதி உரிமையின் எல்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் பாலிசி என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதே எல்லை. “புதிதாக இருந்தபோது இருந்த நிலை” என்ற வகை வாசகம் அதில் உள்ளதா என்று தேடுங்கள்.

மண் வகையைப் பாருங்கள். அங்கே வீட்டு நிலங்களை டி.சி.1, 2, 3 என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் பகுதி 3 என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது அடுத்த பெரிய நடுக்கத்திலும் மண் கூழாகலாம். அங்கே மண் ஆய்வு செய்து, பொறியாளர் வடிவமைத்த அடித்தளம்தான் போட வேண்டும். தூண்களுக்கடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை செருகி மட்டம் சரிசெய்யும் முறை பல வீடுகளில் நிலைக்கவில்லை. கட்டை நழுவும், தூணோடு சரியாகப் பிணைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது அடிமண் மீண்டும் அமுங்கும். 2014இல் உங்கள் வீட்டில் செய்தது அதுதானா என்று தளத்துக்கடியில் ஊர்ந்து போய்ப் படம் எடுக்க வேண்டும். படம் எடுப்பவர் நிறுவனம் அனுப்பியவராக இல்லாமல், நீங்கள் பணம் கொடுக்கும் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கட்டும். அவர் அறிக்கையை வைத்து மதிப்பீட்டாளர் ஒருவர் செலவைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் 15 விழுக்காடு ஜி.எஸ்.டி., எதிர்பாராச் செலவுக்கு ஒரு பகுதி, வேலை நடக்கும் மாதங்களில் வெளியே வாடகைக்கு இருக்கும் செலவு ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். கொடுக்க முன்வந்த தொகையில் பெரும்பாலும் இவற்றில்தான் பள்ளம் இருக்கும்.

அரசின் நிலநடுக்க ஆணையமான அப்போதைய இ.கியூ.சி. ஒரு நிகழ்வுக்கு ஒரு வீட்டுக்கு 100,000 டாலரும் ஜி.எஸ்.டி.யும் வரை பொறுப்பேற்றது. அதற்கு மேல் தனியார் நிறுவனம். அந்த அமைப்பு 2024 ஜூலையிலிருந்து இயற்கை ஆபத்துகள் ஆணையம் என்று பெயர் மாறியிருக்கிறது. கடிதத் தலைப்பைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் எவ்வளவு சேதம் என்று பிரித்துக் காட்டியிருக்கும் தாளைத் தேடி எடுங்கள். வரம்பு நிகழ்வுக்கு நிகழ்வு கணக்கிடப்படுவதால், அந்தப் பிரிப்பு மாறினால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே மாறும்.

வழக்கறிஞரிடம் முதல் கேள்வி தொகை அல்ல, கால வரம்பு. “இந்தக் கோரிக்கையை எந்தத் தேதிக்குள் வழக்காக்க வேண்டும், அந்தத் தேதி போய்விட்டதா?” என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தால் கடிகாரம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நிற்பதாக யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய அதை நம்பக் கூடாது. நடுக்கத்தின்போது வீடு உங்கள் பெயரில் இருந்ததால், 2019இல் தொடங்கிய கேன்டர்பரி நிலநடுக்கக் காப்புறுதித் தீர்ப்பாயம் என்ற வழியும் உண்டா என்று கேளுங்கள். அதில் மனு செய்யக் கட்டணம் இல்லை. இதற்கிடையில் 60 நாளை நீட்டிக்கச் சொல்லி, “சுயாதீன அறிக்கைக்குக் காத்திருக்கிறோம்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் நீட்டிப்பார்கள். மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும்.

“முழுமையான, இறுதியான தீர்வு” என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், நாளை தளத்துக்கடியில் வேறு என்ன தெரிந்தாலும் திரும்பிப் போக முடியாது. கடன் இன்னும் இருந்தால் பணம் யார் கைக்குப் போகும் என்று வங்கியையும் கேட்டுவிடுங்கள்.

பழுதோடு விற்பது குற்றமல்ல, பலர் செய்திருக்கிறார்கள். விலை ஏன் விழுகிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பழுதான வீட்டுக்குப் புதுக் காப்புறுதி கிடைப்பது கடினம். காப்புறுதி இல்லாமல் வங்கி கடன் கொடுக்காது. ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க வருவார். எல்லா அறிக்கைகளையும் வாங்குபவரிடம் காட்டியே விற்க வேண்டும். பத்திரத்தில் உங்கள் பெயரும் இருந்தால் உங்கள் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது. கணவர் அவசரப்படுத்தினாலும் உங்களுக்குப் படித்துப் பார்க்க நேரம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். அவரை எதிர்க்க அல்ல.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பொறியாளர் அறிக்கை வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தபின் ஒரு அடிமட்டத் தொகையை இருவரும் சேர்ந்து எழுதி வையுங்கள். அதற்குமேல் கொடுத்தால் வாங்கிக்கொண்டு முடியுங்கள், வெற்றிக்காகப் போராட வேண்டாம். இரண்டு குடித்தனம், விமான டிக்கெட், வழக்குச் செலவு என்று இன்னொரு இரண்டு ஆண்டுக்கு ஆகும் தொகையையும் அதே தாளில் எழுதுங்கள். நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் உங்கள் மகனுக்கு 14 வயதாகும்போதும் இதே கோப்பு திறந்திருக்க வேண்டுமா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

உங்கள் கணவர்

“அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை, வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் தூங்கியபின் இரவு 10 மணிக்கு அழைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே அப்போது நள்ளிரவு 2 மணி, கோடைக்காலத்தில் 3 மணி. சாய்ந்த தளத்தில் தனியாக இருக்கும் ஒருவர் அந்த நேரத்தில் விழித்திருக்கிறார் என்பதே உங்களுக்கு ஒரு செய்தி. அவர் கையெழுத்துப் போடத் துடிப்பது அலட்சியம் அல்ல, களைப்பாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு அழைப்பை மாற்றுங்கள், அங்கே இரவு 7 அல்லது 8. முதல் 20 நிமிடம் வீடு, காப்புறுதி இரண்டையும் பேசக் கூடாது. பிள்ளைகள் பேசட்டும், என்ன சமைத்தார் என்று கேளுங்கள். கோப்பு விஷயத்துக்கு வாரம் ஒருமுறை தனி நேரம், அதற்கு முன் இருவரும் குறிப்பு எழுதி வர வேண்டும்.

குடி கூடியிருந்தால், வேலைக்குப் போகாமல் இருந்தால், “நான் இல்லாவிட்டால் எல்லாம் எளிது” என்ற பாணியில் பேசினால், சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேளுங்கள்: “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. அங்கே 1737 என்ற எண்ணை இரவு பகல் எப்போதும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உங்களுக்கு இங்கே மலேசியாவில் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்.

திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா

இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, சொன்னால் அது உங்கள் மாமா செய்வதையே நானும் செய்வதாகும். ஒன்று மட்டும்: பயம் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். சிகிச்சையின் எட்டாவது அமர்வு, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிவு, வீட்டுக் கோப்பின் பதில், இந்த மூன்றும் கைக்கு வரும் ஒரு தேதியைக் குறித்து, அதுவரை “முடிவு செய்யவில்லை” என்பதே எல்லோருக்கும் உங்கள் பதில். பிள்ளைகளின் குடியுரிமையைப் பற்றி அதற்குள் அவசரமாக எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

கடைசியாக ஒரு தேதி. வரும் பிப்ரவரி 22. அங்கே 12:51, பினாங்கில் காலை 7:51. அந்த நேரத்தில் அங்கே மக்கள் ஏவன் ஆற்றில் பூ விடுவார்கள், சாலையோர ஆரஞ்சுக் கூம்புகளில் பூ செருகி வைப்பார்கள். அந்த வாரம் உங்கள் தூக்கம் கெடும், அதை எதிர்பார்த்தே இருங்கள். கணவர் ஆற்றங்கரைக்குப் போகட்டும், நீங்கள் இங்கிருந்து வீடியோ அழைப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், விரும்பினால் மகனும் உங்களோடு உட்காரட்டும். அன்று காலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.